விக்கல் பாட்டுக்குக் காய் எடுத்த இரண்டு நாள்

போன மாதம் மூத்தவள் பள்ளி ஆண்டு விழாவில் ‘பழைய ஹிட்’ ஒன்றுக்கு ஆடப்போவதாக வந்து சொன்னாள். செல்போனில் போட்டும் காட்டினாள். எனக்கு அது பழைய பாட்டு இல்லை. பழைய பாட்டு என்றால் கறுப்பு வெள்ளையில் ஒருவர் கையைக் கட்டி நின்றுகொண்டு பாட வேண்டும். இது நேற்று வந்த பாட்டு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் மூத்தவளைவிட ஐந்து மாதம் மூத்தது.

“அப்பா, இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

“தெரியும்னா ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?”

“அப்பாவுக்கு டான்ஸ் வராது, அதான்” என்றான் சின்னவன்.

எனக்கு டான்ஸ் வராது என்பது உண்மை. ஆனால் காரணம் அது இல்லை. வாயால் சொல்ல உட்கார்ந்தால் நடுவில் உங்கள் அம்மா புகுந்து திருத்துவாள். அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு சொல் எட்டுத் தடவை வரும். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. எட்டாவது தடவை முடிந்ததும் பாடுகிறவருக்கு ஒரு விக்கல் எடுக்கும். விக்கலோடு சேர்த்து மேளத்தில் ஓர் அடி விழும். மறுபடியும் அதே சொல் எட்டுத் தடவை, மறுபடியும் விக்கல். நடுவில் ஒரு பெண் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். அவர் வேண்டாம் என்பார். கதை அவ்வளவுதான். சினிமாவில் வந்ததா, தனியாக வந்ததா, பாடியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் அதை விக்கல் பாட்டு என்றே சொன்னோம். வேறு பெயர் இருந்திருக்கலாம்.

அப்போதெல்லாம் ஒரு பாட்டு எங்கள் மலைக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும். முதலில் கம்பத்து டீக்கடைகளில் கேட்கும். பிறகு மலையேறுகிற பஸ்ஸில் கேட்கும். பிறகு குமுளியில் செல்போன் கடைக்காரர் வாசலில் பெட்டி வைத்து அலற விடுவார். அங்கே மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு ஆனைக்கரைக்கு வருவார்கள். ஆனைக்கரையிலிருந்து எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வரும். எங்களிடம் வந்து சேரும்போது மெட்ராஸில் அந்தப் பாட்டைப் போட்டால் கல்லால் அடிப்பார்கள் என்று ஜீப் டிரைவர் சொல்வார். எங்களுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. தக்காளியும் அப்படி வாடித்தான் மலைக்கு வந்தது. அதைச் சமைத்துச் சாப்பிடாமலா இருந்தோம்?

வருஷங்களை நான் அந்தப் பாட்டுகளை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். வார்த்தையே இல்லாமல் விசில் மட்டும் அடித்த பாட்டு வந்த வருஷம் நான் தோட்டத்தில் கவாத்து வேலைக்குச் சேர்ந்தேன். மரத்தின் மேல் உட்கார்ந்து கிளையைக் கழித்துக்கொண்டே நானும் விசில் அடிப்பேன். ஆட்டுக்குட்டி கத்துகிற பாட்டு வந்த வருஷம் மழை பொய்த்தது. ஒருத்தி ரயில் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டே பாடுகிற பாட்டு வந்த வருஷம் எனக்குக் கல்யாணம். மைக்செட்காரர் அதை ஒன்பது தடவை போட்டார். கல்யாண வீடியோவில் உங்கள் பெரியப்பா பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டே மூச்சு விடுவது தெரியும். இதில் எதையும் நல்ல பாட்டு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் பாடினோம். நல்ல பாட்டுகள் வேறு இருந்தன. அவற்றைக் கேட்டோம், கேட்டு முடித்து ஒரு பெருமூச்சு விட்டோம். பாடுவதற்கு விக்கல் மாதிரி ஏதாவதுதான் வேண்டியிருந்தது. அது எல்லோர் வாயிலும் நிற்கும்.

இனி என் வேலை விஷயம்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. உங்கள் அம்மா அதே தோட்டத்தில் காய் எடுக்கப் போனாள். நாங்கள் லயத்தில், கூலியாட்களுக்கான வரிசை வீடுகளில், ஒற்றை அறையில் இருந்தோம். தண்ணீர் எட்டு வீட்டுக்கும் பொதுக் குழாயில் பிடிக்க வேண்டும். கக்கூஸும் எட்டு வீட்டுக்கும் பொது, அதுவும் மேட்டுக்கு மேலே. மழைக்காலத்தில் அந்த மேட்டில் ஆம்பளைகளே இரண்டு கையையும் ஊன்றித்தான் ஏறுவோம். உங்கள் அம்மா வயிற்றில் மூத்தவள் நாலு மாதம்.

அந்த நேரத்தில் பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுத் தேனிக்குப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் அது பாதி மலையாளமாகிவிடும். “இந்தச் சுற்றுக் காயெடுப்பை நீ நின்னு நடத்து. சரியா வந்தா நீதான் சூப்பர்வைசர். அந்த வீடும் உனக்குத்தான்” என்றார்.

அந்த வீடு என்றால் இரண்டு அறை, உள்ளேயே குழாய், பின்கதவைத் திறந்தால் நாலு எட்டில் சொந்தக் கக்கூஸ். இதை உங்கள் அம்மாவிடம் சொன்னபோது சம்பளம் எவ்வளவு கூடும் என்று அவள் கேட்கவில்லை. “நாலு எட்டுத்தானா? நீங்க எண்ணுனீகளா?” என்று கேட்டாள். மறுநாள் போய் எண்ணிவிட்டு வந்தேன். என் காலுக்கு நாலு, அவள் காலுக்கு ஐந்து இருக்கும்.

ஏலக்காய் எடுப்பது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். இருந்தாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரில் சரம் விட்டு மண்மேல் ஓடும். ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, இளங்காய், விளைந்த காய் எல்லாம் இருக்கும். செடிக்கடியில் குத்தவைத்து உட்கார்ந்து, விளைந்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். மற்றதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். விளைந்த காய் தொட்டால் கையோடு வரும், உள்ளே விதை கறுத்திருக்கும். இளங்காயை இழுத்தால்தான் வரும், விதை வெளுத்திருக்கும். வெளியில் இரண்டும் பச்சைதான். காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூட்டில் வைத்தால் விளைந்தது உருண்டு திரண்டு நிற்கும். இளசு சுருங்கிப் போகும்.

காய் எடுக்க மொத்தம் பதினைந்து பெண்கள். நாலு பேர் லயத்தில் இருப்பவர்கள். பதினோரு பேர் கம்பத்துப் பக்கத்திலிருந்து காலையில் ஜீப்பில் ஏறி வந்து சாயங்காலம் இறங்கிப் போவார்கள். அதில் ஓர் அக்கா எப்போதும் ஜீப்பின் முன்சீட்டில்தான் உட்காருவார். டிரைவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர்தான் பேசுவார்.

நான் சூப்பர்வைசராக நின்ற முதல் நாள் சாயங்காலம் எடை போட்டுப் பார்த்தபோது மிகவும் குறைவாக இருந்தது. முதலாளி தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

“எடா, மழைக்கு முன்னாடி இந்தச் சுற்றை முடிக்கணும். பெண்ணுங்க முழு நேரமும் கதை பேசிட்டிருக்கு. நீ சூப்பர்வைசரா, கதை கேக்க வந்த ஆளா?”

கதை பேசினார்கள் என்பது சரிதான். முன்சீட்டு அக்காவின் கொழுந்தியாள் மாப்பிள்ளை பார்க்கப் போன கதை காலையில் ஆரம்பித்து மூன்று மணிக்குத்தான் முடிந்தது. நானும் கேட்டேன். நல்ல கதை.

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஜீப்பில் விக்கல் பாட்டு ஓடும்போது பெண்கள் தூக்குச்சட்டியில் தாளம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளத்துக்குக் காயை எடுத்தால் என்ன என்று தோன்றியது. என்னிடம் அப்போது ஒரு சைனா செட் இருந்தது. இந்தக் காலத்துப் போன் மாதிரி இல்லை. பின்பக்கம் நாலு ஸ்பீக்கர். பேசினால் எதிராளிக்குச் சரியாகக் கேட்காது. பாட்டுப் போட்டால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும்.

மறுநாள் காலையில் செட்டை ஒரு மரக்கவையில் வைத்து விக்கல் பாட்டைப் போட்டேன். முடிந்ததும் மறுபடியும் அதே பாட்டு வருகிற மாதிரி வைத்தேன்.

“என்ன கங்காணி, இன்னிக்கித் திருவிழாவா?” என்று முன்சீட்டு அக்கா கேட்டார்.

“வேலைக்குத்தான்க்கா. கேட்டுக்கிட்டே எடுங்க.”

“எடுக்குறோம் எடுக்குறோம். நீ ஆடாம இருந்தாச் சரி. இங்கிட்டு வழுக்கும்.”

பத்து நிமிஷத்தில் கதை நின்றது. அரை மணி நேரத்தில் பதினாலு பேரும் ஒரே மாதிரி எடுக்க ஆரம்பித்தார்கள். சொல் எட்டுத் தடவை வரும்போது கைகள் சரத்தைத் துழாவும். விக்கல் வந்ததும் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும். காய் வாளியில் விழுகிற சத்தமும் ஒன்றாகவே விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சூப்பர்வைசர் வேலை இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

பதினைந்தாவது ஆள் உங்கள் அம்மா. அவள் மட்டும் தாளத்துக்கு வரவில்லை. விக்கல் வரும்போது சும்மா இருப்பாள், விக்கல் முடிந்து நாலாவது சொல்லில் ஒன்று எடுப்பாள்.

சாயங்காலம் எடை முதல் நாளைவிட ஒன்றரை மடங்கு வந்தது. முதலாளி என் தோளில் தட்டினார். மற்ற பெண்கள் ஆளுக்கு இரண்டு பை கொண்டு வந்திருந்தார்கள். உங்கள் அம்மா முக்கால் பை. அதை மற்ற பைகளோடு கொட்டாமல் தனியாகத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். சூப்பர்வைசர் சொந்தப் பெண்டாட்டிக்குச் சலுகை காட்டவில்லை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எல்லோர் முன்னாலும் கேட்கவும் செய்தேன்.

“எல்லாரும் ரெண்டு பை. நீ முக்காப் பை. நாலு பேரு என்னைய என்ன சொல்லுவாக?”

“பொண்டாட்டிகிட்ட வேல வாங்கத் தெரியாதவன்னு சொல்லுவாக. சொல்லட்டும்.”

“பாட்டு ஓடுதுல்ல? அதுக்குத் தக்கன எடுக்க வேண்டியதுதான?”

“பாட்டுக்குக் கை ஓடுது. கண்ணு ஓடல. நான் என்ன செய்ய?”

“ஆத்தி, பதிலப் பாரு” என்றார் முன்சீட்டு அக்கா. “கங்காணி, வீட்டுக்குப் போனா ஒனக்குச் சோறு இருக்கான்னு பாத்துக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை நான் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். வயிற்றில் பிள்ளை இருப்பதால் குனிய முடியவில்லை என்று மனதுக்குள் கொஞ்சம் தள்ளுபடியும் கொடுத்தேன். அன்று சோறு இருந்தது. ஆனால் குழம்பு ஊற்றியபின் அவள் பேசவில்லை.

இரண்டாவது நாளும் விக்கல் பாட்டுதான். எடை இன்னும் கூடியது. பைகளைத் தரையில் கொட்டியபோது காயைப் பார்த்தீர்களா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். ஆனால் குவியல் எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். ஒரு காயை எடுத்து நகத்தால் கீறிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடமே போகாதவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். செய்யவில்லை.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவர் ஆளனுப்பினார். முதல் நாள் பாட்டுக்கு எடுத்த காய் காய்ந்து இறங்கியிருந்தது. அவர் இருபது வருஷம் அந்த அடுப்போடு இருந்தவர். அதிகம் பேச மாட்டார்.

“தம்பி, இங்கிட்டு வாங்க. காதக் குடுங்க” என்று ஒரு தட்டைத் தூக்கிக் குலுக்கினார். “சத்தம் கேக்குதா?”

“இல்லியே.”

“அதான் நானுஞ் சொல்றேன்.”

நன்றாகக் காய்ந்த ஏலக்காய் தட்டில் உருண்டால் கலகலவென்று கேட்கும். இது சருகைக் குலுக்கிய மாதிரி இருந்தது. கையில் அள்ளிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சுருங்கிப் போயிருந்தது. சிலது நிறம் வெளுத்து, தொட்டால் நசுங்கியது. பக்கத்தில் சின்னத் தட்டு ஒன்று தனியாக இருந்தது. அதையும் குலுக்கினார். கலகலவென்றது.

“இது எங்க உள்ளது?” என்றேன்.

“நீங்க தனியா வச்சிருந்தீகள்ல முக்காப் பை? மொதலாளி வீட்டுக்குப் போறதுக்குன்னு நெனச்சு தனித்தட்டுல போட்டேன்.”

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஜீப் வந்து நிற்கிற சத்தமும், பின்னாலேயே முதலாளியின் புல்லட் சத்தமும் கேட்டது.

முதலாளி உள்ளே வந்தார். ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். வாசலில் பெண்கள் இறங்கி வாளியோடு நின்றார்கள். உங்கள் அம்மாவும் நின்றாள்.

“இது எந்தா? ஏலக்காயா, உணக்க முந்திரியா?” என்றார். உலர்ந்த திராட்சைக்கு மலையாளத்தில் அப்படித்தான் பெயர்.

பெண்கள் தட்டை எட்டிப் பார்த்தார்கள்.

“எனக்கு மனசிலாச்சு” என்றார். “கீழேருந்து வர்ற பெண்ணுங்க பணி இது. எடை காட்டுறதுக்குப் பிஞ்சு எல்லாம் பறிச்சு வாளி நிறைச்சிருக்கு.” என் பக்கம் திரும்பினார். “நீ புதுசல்லே. உன்னை ஏமாத்திடுச்சு. உன் மேல குற்றமில்ல. நாளை முதல் இந்த ஜீப்பு வேண்டா. வேற ஜீப்புக்குச் சொல்லிக்கலாம்.”

பதினோரு பேரின் முகமும் எனக்குத் தெரிந்தது. சுற்று நடுவில் நிறுத்தினால் வேறு தோட்டத்தில் உடனே வேலை கிடைக்காது. எல்லாத் தோட்டத்திலும் ஜீப்பு ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். முன்சீட்டு அக்கா முதல் முறையாக ஒன்றும் பேசாமல் நின்றார்.

உன் மேல் குற்றமில்லை என்று முதலாளியே சொல்லிவிட்டார். நான் சும்மா நின்றால் போதும். வீடு எனக்குத்தான். நான் எவ்வளவு நேரம் சும்மா நின்றேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. குழாயை நினைத்தேன். நாலு எட்டை நினைத்தேன். மேட்டில் மழைத்தண்ணீர் இறங்கி வருவதை நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். உங்கள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மொதலாளி, அவங்க மேல தப்பில்ல” என்றேன். “பாட்டுதான்.”

“எந்து பாட்டு?”

“விக்கல் பாட்டு. நான்தான் போட்டேன். அதுல விக்கல் வர்றப்ப எல்லாரும் இழுக்குறாங்க. வெளஞ்சதான்னு பாக்கறதுக்குள்ள அடுத்த விக்கல் வந்துருது.”

முதலாளி ஸ்டோர்க்காரரைப் பார்த்தார். “இவனுக்கு உடம்புக்குச் சுகமில்லையா?”

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு” என்றார் அவர்.

“எடா, பெண்ணுங்களைக் காப்பாத்தணும்னு பொய் சொல்றியா? பாட்டு காய் பறிக்குமா?”

“அவங்கள ஒக்கார வச்சுப் பாத்தா, வேணும்னு இழுக்குறாங்கன்னு சொல்லுவீங்க. நீங்களே ஒக்காந்து பாருங்க மொதலாளி.”

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். “வா” என்றார்.

தோட்டத்தில் முதல் வரிசைச் செடிக்கடியில் அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். அப்பா காலத்திலிருந்து ஏலக்காயில் இருப்பவர். கண்ணை மூடிக்கொண்டே விளைந்த காய் எடுப்பார் என்று சொல்வார்கள். வாளியை முன்னால் வைத்துக்கொண்டார். பதினைந்து பெண்களும் நானும் ஸ்டோர்க்காரரும் சுற்றி நின்றோம். நான் செட்டை மரக்கவையில் வைத்துப் பாட்டைப் போட்டேன்.

முதல் தடவை பாட்டு ஓடியபோது விக்கல் வந்தால் நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். இரண்டாவது தடவை ஓடியபோது முறைப்பதை விட்டுவிட்டார். மூன்றாவது தடவை விக்கலுக்கு அவர் தலை ஒரு பக்கம் வெட்டியது. கையும் கூடவே வெட்டியது. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். ஐந்து தடவை ஓடியதும் செட்டை நிறுத்தப் போனேன்.

“முடியட்டும்” என்றார் முதலாளி.

முடிந்தது. வாளியைச் சாக்கில் கொட்டினோம். ஸ்டோர்க்காரர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீறி இரண்டு குவியலாகப் பிரித்தார். இளங்காய்க் குவியல் கொஞ்சம் பெரியதாக இருந்தது. அப்புறம் பாட்டு இல்லாமல் அடுத்த செடியில் எடுத்தார். அதில் இளசு ஒன்றுகூட இல்லை.

“ஏன் மொதலாளி, எடை காட்டவா எடுத்தீக?” என்றார் முன்சீட்டு அக்கா. அவருக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

முதலாளி இரண்டு குவியலையும் பார்த்தார். “சரி. பெண்ணுங்க மேல குற்றமில்ல. ஜீப்பு வரட்டும்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “பாட்டைப் போட்டது யாரு?”

“நான்தான் மொதலாளி.”

“பாட்டை வேலையிலேர்ந்து நிறுத்த முடியாது. போட்டவனைத்தானே நிறுத்தணும்?”

நானே கேட்டு நடத்திய பரீட்சை அது. அதில் நான் சொன்னது சரியென்று ஆகிவிட்டது. சரியென்று ஆனதால்தான் வேலை போயிற்று. வெளியே அனுப்பவில்லை. “நாளை முதல் நீ பை சுமக்கப் போ” என்றார்.

போகும்போது ஸ்டோரில் அந்தச் சின்னத் தட்டை அவரே எடுத்துக் குலுக்கிப் பார்த்திருக்கிறார். வெளியே வந்து, “இந்தத் தட்டு யாருது?” என்று கேட்டார்.

உங்கள் அம்மா கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி.

“நீ பாட்டு கேக்கலையா?”

“கேட்டேன் மொதலாளி. எனக்குப் பிடிக்கல.”

“ஏன்?”

“ஒருத்தி வந்து தண்ணி வேணுமான்னு கேக்குறா. அவரு வேண்டாங்கிறாரு. தண்ணியும் வேண்டாம்னுட்டு பின்ன எதுக்கு அத்தன தடவ விக்குறாரு?”

முதலாளி தட்டை இன்னொரு தடவை குலுக்கினார். அவரும் ஐந்து தடவை கேட்டிருந்தார். இது அவருக்குத் தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“மீதிச் சுற்றை நீ நின்னு நடத்து” என்றார். “குனிய வேண்டா. பார்த்தா போதும்.”

இப்படித்தான் உங்கள் அம்மா சூப்பர்வைசர் ஆனாள். நேர்ந்துகொண்டதோ, படித்து எழுதியதோ இல்லை. அந்தச் சுற்றில் அவள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு வாளியிலும் கைவிட்டு, நாலு காயை எடுத்துக் கீறிப் பார்த்தாள். கதை பேசுவதைத் தடுக்கவில்லை. கதைக்குக் கண் ஓடும், அதனால் பரவாயில்லை என்றாள். நான் பைகளை ஸ்டோருக்குச் சுமந்தேன். எடை முதல் நாள் வந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் தட்டுகள் எல்லாம் கலகலத்தன. மழைக்கு ஒரு நாள் முன்னால் சுற்று முடிந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அவள் கேட்டாள், “நீங்க சும்மா நின்னிருந்தா வீடு நமக்குத்தான?”

“ஆமா.”

“அது தெரிஞ்சுதான் சொன்னீகளா?”

“தெரிஞ்சுதான். கொஞ்சம் நேரம் கழிச்சுச் சொன்னேன்.”

“பாத்தேன்” என்றாள். “எம்புட்டு நேரம்னு பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.” அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. குழம்பு ஊற்றிய பிறகும் வேறு விஷயங்களைப் பேசினாள். அதை வைத்து நான் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி சாவியைக் கொடுத்தனுப்பினார். அவள் பெயர் சொல்லிக் கொடுத்தனுப்பினார். ஜீப்புப் பெண்களுக்கு அன்று லீவு. இருந்தும் முன்சீட்டு அக்கா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். தூற்றல் போட்டுக்கொண்டிருந்தது. லயத்திலிருந்து புது வீட்டுக்குச் சாமான் தூக்க வேண்டும்.

“கங்காணி” என்றார் அக்கா. நான் திரும்பினேன். “ஒன்னையச் சொல்லல. புதுக் கங்காணியச் சொன்னேன். ஏத்தா, சாமான் தூக்குறதுக்கு அந்த விக்கல் பாட்டப் போடச் சொல்லேன். கை சும்மா வரமாட்டேங்குது.”

அதற்குள் ஜீப்பில் வேறு பாட்டு வந்துவிட்டிருந்தது. அதில் ஒருவர் கொட்டாவி விடுவார். விக்கல் பாட்டை யாரும் கேட்பதில்லை என்று டிரைவர் சொன்னார். எல்லாம் சேர்த்து ஆறு வாரம்தான் அதற்கு ஆயுசு.

உங்கள் அம்மா யோசித்தாள். “போடுங்க” என்றாள் என்னிடம். “சாமான்ல இளசு முத்தல் கெடையாது.”

போட்டேன். எட்டு அடி, விக்கலுக்கு ஒரு தூக்கு, மறுபடி எட்டு அடி. டிரங்குப் பெட்டி, பாய், அரிசி மூட்டை, அம்மி எல்லாம் தாளத்துக்குப் போயின. உங்கள் அம்மாவைத் தூக்க விடவில்லை. அவள் புது வீட்டு வாசலில் நின்று வருவதை எல்லாம் பார்த்து வாங்கி வைத்தாள். அரை மணி நேரத்தில் குடித்தனம் முழுதும் வந்து சேர்ந்தது. ஒரு விக்கலுக்கு முன்சீட்டு அக்கா பாத்திரக்கூடையைத் தூக்கியபோது இரண்டு டம்ளர் விழுந்து நசுங்கின. மற்றபடி சேதம் இல்லை.

எல்லோரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். உங்கள் அம்மா மட்டும் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். மழையில் நனையாமல் போய், நனையாமல் திரும்பி வந்தாள்.

“அஞ்சு” என்றாள்.